பத்துக்கு எட்டு, முடிவு எங்கே?

‘மாணவியரிடம் வாசிப்புப் பழக்கத்தை வளர்ப்பது எப்படி’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் இந்தத் தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசிவிடுவேன். டீச்சர்களான நீங்களும் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள். இன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் வாசிப்பை நான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்கிறேன். அதோடு நின்றிருந்தால்கூட இங்கே வந்து பேசியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். அதைத் தடுக்க எனக்கு நான்கு நாள் இருந்தது. தடுப்பதற்கு வேண்டிய விவரமெல்லாம் அவள் கையெழுத்திலேயே என் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தது.

இதே பள்ளிதான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால். இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறைதான் அப்போது ஒன்பதாம் வகுப்பு ‘பி’. ஜன்னல் கம்பியெல்லாம் பக்கத்துத் தொழிற்சாலைச் சாம்பல் படிந்து கிடக்கும். பிள்ளைகள் காலையில் வந்ததும் பெஞ்சைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள். அதாவது இன்றைக்கு எப்படியோ அன்றைக்கும் அப்படித்தான். மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளை மலர் என்று வைத்துக்கொள்வோம். நிஜப் பெயர் ஏன் சொல்லவில்லை என்பது கடைசியில் தெரியும். கத்திவாக்கம் பிள்ளை. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் வாரிக்கொண்டிருந்து, நெஞ்சு கெட்டுப்போய் வீட்டோடு கிடந்தார். அம்மா இறால் உரிக்கப் போவாள்.

இந்தப் பிள்ளைக்குப் புத்தகப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமையானால் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் கட்டு அடுக்கிக் கொடுப்பாளாம். அதற்குப் பதிலாகக் கடைக்காரர் அவளைப் படிக்க விடுவாராம், ஒன்றிரண்டை எடுத்துப் போகவும் விடுவாராம். மாத நாவல், பேய்க் கதை, தொடர்கதை கிழித்துத் தைத்தது, எதுவாக இருந்தாலும் சரி. பழைய பேப்பர் கடைப் புத்தகத்துக்கு அட்டை இருக்காது, பல நேரம் கடைசிப் பக்கங்களும் இருக்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கும். வராந்தாவில் போகும்போது நானே கேட்டிருக்கிறேன்.

“அப்பறம் இன்னாடி ஆச்சி?”

“கடசி பக்கம் கீஞ்சி பூட்ச்சிடி. பூட்டா இன்னா? நான் சொல்றேன் கேளு.”

சொல்வாள். கிழிந்துபோன எந்தப் புத்தகத்துக்கும் அவளிடம் ஒரு முடிவு இருக்கும். ஒரே கதைக்குத் திங்கட்கிழமை ஒரு முடிவு, பிடிக்கவில்லை என்று சொன்னால் செவ்வாய்க்கிழமை வேறு முடிவு. அந்தப் பிள்ளைகள் அழுததையும் பார்த்திருக்கிறேன், சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். தமிழ் வகுப்பில் நான் யாரையும் அப்படி அழவும் வைத்ததில்லை, சிரிக்கவும் வைத்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்திருக்கும். இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒருநாள் செய்யுள் நடத்திக்கொண்டிருக்கும்போது பாடப் புத்தகத்துக்குள் ஒரு நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். “துணைப்பாடத்துல ஒரு கதை ஒழுங்காப் படிச்சிருக்கியா நீ? அதுக்குள்ள இது கேக்குதா உனக்கு?” என்று வகுப்பே அதிரக் கத்தினேன். புத்தகம் பீரோவுக்குள் போய்விட்டது. அவள் துணைப்பாடம் முழுவதையும் ஜூன் மாதம் புத்தகம் கொடுத்த முதல் வாரத்திலேயே படித்து முடித்திருந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அந்தக் கதைகளை ஆகஸ்டில் ஆரம்பித்து, அருஞ்சொற்பொருள், வினா விடை என்று பிழிந்து சக்கையாக்கி அக்டோபரில் முடித்தேன். பிள்ளை வேறு என்ன செய்வாள்? அரையாண்டுத் தேர்வில் ‘கதையைச் சுருக்கி எழுதுக’ என்ற கேள்விக்கு, கதையை எழுதிவிட்டு, “இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை” என்று தன் முடிவு ஒன்றையும் சேர்த்து எழுதியிருந்தாள். எட்டுக்கு மூன்று போட்டேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அம்மாவிடம், “படிப்புல நெனப்பே இல்ல, எந்நேரமும் கதை புக்குதான்” என்றும் சொல்லி அனுப்பினேன். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு முடிந்து பள்ளி திறந்ததும் வாசிப்பு நோட்டு வந்தது. மேலேயிருந்து சுற்றறிக்கை. ஒவ்வொரு மாணவியும் வாரம் ஒரு நூலகப் புத்தகம் படிக்க வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், கதைச் சுருக்கம், அறியும் நீதி என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். மலருக்குத் தலைகால் புரியவில்லை. படிப்பதற்கே ஒரு நோட்டு! முதல் ஆளாகப் பிரவுன் அட்டை போட்டுக்கொண்டு வந்தாள். முதல் வாரம் ஒரு சின்னக் கதையைப் படித்துவிட்டு எழுதினாள்: “இந்தக் கதையில் வரும் அம்மா பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறாள். எங்கள் அம்மா கையில் இறால் நாற்றம் அடிக்கும் என்று தலையைத் தொட மாட்டாள். அதனால் இந்தக் கதை எனக்குப் பிடிக்கவும் செய்தது, கோபமும் வந்தது.”

அதற்கு நான் சிவப்பு மையில் என்ன எழுதினேன் தெரியுமா? “சொந்தக் கதை வேண்டாம். நூலில் உள்ளதை மட்டும் எழுதுக.”

ஒற்றுப்பிழை இல்லாமல், அழகாக எழுதியிருந்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவளும் மற்றவர்கள் மாதிரியே எழுத ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அறியும் நீதி: பொய் பேசக் கூடாது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்றாவது வாரம் நூலகப் பீரோவில் இரண்டு புத்தகங்களைக் காணவில்லை. தலைமையாசிரியர் பீரோவைப் பூட்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். தணிக்கை முடியும்வரை ஒரு புத்தகமும் வெளியே போகாது என்றார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்றைக்கும் உங்கள் பீரோ பூட்டித்தானே இருக்கிறது? ஆனால் நோட்டில் வாரம் ஒரு பக்கம் ஏறியே ஆக வேண்டும். “புக்கே குடுக்கல, இன்னாத்த டீச்சர் எய்துறது?” என்று பிள்ளைகள் கேட்டன. “எதையாவது எழுதுங்க. நோட்டு நிரம்பணும், அவ்வளவுதான்” என்றேன். பிள்ளைகள் சமர்த்து. இல்லாத புத்தகங்களுக்குப் பெயர் வைத்து, கதையையும் தாங்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி ஆசிரியர் என்ற இடத்தில் தன் அண்ணன் பெயரையே போட்டிருந்தாள். ஆசிரியர் அறையில் அதைக் காட்டிச் சிரித்தோம்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று புதன்கிழமை காலையில்தான் சொன்னார்கள். நாற்பத்திரண்டு நோட்டு. நான்கு வாரமாகக் கையெழுத்துப் போடவில்லை. மதிய மணி அடித்ததிலிருந்து சாயங்கால மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். இந்த வேலையை எப்படி முடிப்பது என்று நான் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த ஆசிரியை எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மேலே இரண்டு வரி, கீழே ஒரு வரி பார். நடுவில் எங்காவது ஒரு இடத்தில் கோடு போடு. குறிப்பு என்று ஒன்று எழுது, இல்லாவிட்டால் படிக்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய தேதி போட்டுக் கையெழுத்து. நல்ல மனுஷி. எனக்கு எத்தனையோ உதவி செய்தவர். இதையும் உதவி என்று நினைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மலரின் நோட்டு வந்தது. கடைசிப் பதிவு. நூலின் பெயர்: மாமன் வீடு. ஆசிரியர் என்ற இடத்தில் ஒன்றும் இல்லை. முதல் இரண்டு வரி: “ஓர் ஊரில் ஒரு பெண் இருந்தாள். அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தாள்.” கடைசி வரி: “அறியும் நீதி: இன்னும் தெரியவில்லை.” கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சிரித்துக்கொண்டே மேலே “ஆசிரியர் பெயர்?” என்று கேள்விக்குறி போட்டேன். கீழே, “நன்று. முடிவு எங்கே? 8/10” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நடுவில் ஒரு கோடும் போட்டேன். நடுவை நான் படிக்கவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார், நோட்டுகளைப் புரட்டினார், பாராட்டினார். வெள்ளிக்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். சாயங்காலம் ஆசிரியர் அறையில் பஜ்ஜி வரவழைத்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மலர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“என்னடி?”

“முடிவு எய்தச் சொல்லிக்கீறீங்க டீச்சர்.”

“ஆமா. பாதியில விட்டா எப்படி? திங்கக்கிழமை எழுதிட்டு வா.”

“எனுக்கு முடிவு தெர்ல டீச்சர்.”

“உனக்கா தெரியாது? ஊர்ல இருக்கிற புக்குக்கெல்லாம் நீதானே முடிவு சொல்ற!”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “படிச்சீங்களா டீச்சர்?” என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

“படிக்காமலா எட்டு மார்க் போட்டேன்? போ, போ. பஸ்ஸை விட்டுடாதே.”

அப்படியே இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அட கடவுளே, எந்தக் கிழிந்த புத்தகத்துக்கும் ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்கிற பிள்ளை, தெரியாது என்று வந்து நிற்கிறாளே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

திங்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போது பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லாவை எழுப்பிக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஞாயித்துக்கெயம அவுளுக்கு கண்ணாலம் ஆயிட்ச்சி டீச்சர்” என்றாள். வகுப்பில் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலமே ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். வாசலில் பந்தல் கால் இன்னும் பிடுங்கவில்லை. உள்ளே கட்டிலில் அப்பா. ஒரு வார்த்தைக்கு ஒருமுறை இருமல். அம்மா நாற்காலி எடுத்துப் போட்டாள். என்னை வரவேற்கத்தான் செய்தார்கள், பாவம்.

“என் கூடப் பொறந்த தம்பிதான் டீச்சர் மாப்ள. ஹார்பர்ல லோடு வேல. குடி கெடியாது ஒண்ணும் கெடியாது. ராயபுரத்துல வூடு.”

“பதினாலு வயசும்மா அவளுக்கு!” என்று கத்தினேன். கத்தத்தான் எனக்கு நன்றாக வருமே.

அப்பா கையைத் தூக்கினார். “நான் பூடறதுக்குள்ள பாத்துடணும்னு இர்ந்துச்சிம்மா.”

“அவ படிக்கிற பொண்ணும்மா” என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குத்திக்காட்டும் குரலில் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். “நீங்கதான டீச்சர் சொன்னீங்க, படிப்புல நெனப்பே இல்ல, எந்நேரமும் கத புக்குதான்னு? அத்த வெச்சித்தான் அவங்கப்பா, இனிமே அனுப்பி இன்னா புண்ணியம்னு முடிவு பண்ணாரு.”

மூலையில் அவளுடைய பள்ளிப் பை மாட்டியிருந்தது. “புக்குங்கள எட்த்துனு போங்க டீச்சர், யாருக்குனா ஆவும்” என்றாள். பிரித்து வாசிப்பு நோட்டை எடுத்தேன். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுப் பக்கத்தையும் படித்தேன். இதோ, அந்த நோட்டு. வாசிக்கிறேன்.

“ஓர் ஊரில் ஒரு பெண் இருந்தாள். அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். அவளுடைய அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. தான் சாவதற்குள் அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க ஆசைப்பட்டார். மாப்பிள்ளை அவளுடைய மாமா. சின்ன வயதில் அவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடல் காட்டுவார். அவளுக்கு மாமாவைப் பிடிக்கும். கல்யாணம் பிடிக்கவில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இருந்தார். அவருக்குக் கோபம் வரும். ஆனால் அவர் சொன்னால் எங்கள் அப்பா கேட்பார். கல்யாணம் வரும் ஞாயிற்றுக்கிழமை. அறியும் நீதி: இன்னும் தெரியவில்லை.”

‘அவளுடைய அப்பா’ என்று ஆரம்பித்தவள் ஒரு இடத்தில் மட்டும் ‘எங்கள் அப்பா’ என்று எழுதிவிட்டாள். அந்த வரிமேல்தான் நான் கோடு போட்டிருந்தேன், பேனா போன போக்கில். சொந்தக் கதை எழுதாதே என்று சொன்னவள் நான். இல்லாத புத்தகத்துக்குக் கதை எழுது என்று சொன்னவளும் நான். பிள்ளை இரண்டுக்கும் கீழ்ப்படிந்துதான் எழுதியிருந்தது.

மறுநாள் தலைமையாசிரியரிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டு நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “இப்ப போலீசுக்குப் போனா அந்தாளு உள்ள போவான். அப்பன் செத்துடுவான். பொண்ணு எங்க போகும்?” என்றார். நான் அதற்கு எதிராக வாதாடினேன் என்று சொல்ல ஆசைதான். தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். அவள் பெயர் மார்ச் வரை பதிவேட்டில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டோம். இது என் இரண்டாவது குற்றம். முதலாவதைவிடச் சின்னது என்று சொல்ல மாட்டேன்.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பீர்கள். பிள்ளை தனக்காகப் படிக்கிறது ஒன்று, நமக்காகப் படிக்கிறது ஒன்று. இந்த இரண்டும் வேறு வேறு என்று சொல்லிக்கொடுப்பதே நாம்தான். சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த புத்தகத்தை வைத்து அவள் செய்துகொண்டிருந்தது வாசிப்பு. என் நோட்டில் செய்தது பதிவு. நான் பதிவுக்கு மார்க் போட்டு வாசிப்பைப் பீரோவில் பூட்டினேன். பிள்ளை எதைப் படித்தாலும் தன் வீட்டைத் தூக்கிக்கொண்டுதான் அதற்குள் போகும். போகட்டும். ‘சொந்தக் கதை வேண்டாம்’ என்று உங்களில் யாராவது எழுதினால், நான் ஓய்வு பெற்றவள் என்றுகூடப் பார்க்க மாட்டேன், வந்து பேனாவைப் பிடுங்குவேன். படிக்க நேரமில்லையா? கையெழுத்துப் போடாதீர்கள். நேரமில்லை என்று அதிகாரியிடம் சொல்லித் திட்டு வாங்குங்கள். அதிகாரி திட்டி யாரும் செத்ததில்லை.

என் கடைசி வருஷம், ஜூன் மாதம், ஆறாம் வகுப்புச் சேர்க்கையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் விண்ணப்பத்தை நீட்டினாள். பக்கத்தில் பதினொரு வயதுப் பிள்ளை, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தது.

“என்னத் தெர்தா டீச்சர்?”

தெரிந்தது. அம்மாவுக்கு முடியவில்லை என்று மறுபடி இந்தப் பக்கமே குடிவந்துவிட்டார்களாம். அப்பா அந்த வருஷமே போய்விட்டாராம். “அவரு நல்லாத்தான் வெச்சிக்கினு கீறாரு டீச்சர்” என்று நான் கேட்காமலே சொன்னாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இப்ப என்னம்மா படிக்கிற?” என்று கேட்டேன். எனக்கு வேறு கேள்வி தெரியவில்லை.

“நானா? அதெல்லாம் அன்னிக்கே வுட்டுட்டேன் டீச்சர். இவதான் எது கெட்ச்சாலும் படிப்பா.”

பதின்மூன்று வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னேன். “அன்னைக்கு நான் அதைப் படிக்கலம்மா. படிச்சேன்னு உங்கிட்ட சொன்னது பொய்.”

அவள் என்னையே பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

“படிச்சிட்டுத்தான் சும்மா வுட்டீங்கன்னு நென்ச்சிகினு இர்ந்தேன் டீச்சர் இத்தினி வர்சமா,” என்றாள். பிறகு, “படிக்கவே இல்லியா?” என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன். அவள் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் கேட்டாள். காட்டினேன்.

அந்தப் பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. இங்கேதான், உங்களில் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு வாசிப்பு நோட்டு இருக்கிறது, அதுவும் உங்கள் மேஜைக்கு வரும். அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு நோட்டை மட்டும் படிப்பீர்கள்.